சேற்றுப்புண்ணுக்கு ஒரு ட்யூப்

கீழப்பழுவூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த மெடிக்கலில் கிறிஸ்டி வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. ஏலாக்குறிச்சிப் பெண், டி.பார்ம் படித்தவள். காலையில் திருமானூர் வழியாக வரும் பஸ்ஸில் இறங்கி ஒன்பது மணிக்குக் கடையைத் திறப்பாள். முதலாளி வேணுகோபாலுக்கு அரியலூரில் இன்னொரு கடை இருந்ததால் இந்தக் கடையில் பெரும்பாலும் அவள் மட்டும்தான். கண்ணாடிக்குள் மாட்டியிருந்த சான்றிதழும் அவள் பெயரில்தான் இருந்தது. ஊர்க்காரர்களில் பாதிப்பேர் அவளை டாக்டரம்மா என்றே கூப்பிட்டார்கள். முதலில் திருத்திக்கொண்டிருந்தவள் பிறகு விட்டுவிட்டாள்.

சுற்றுவட்டாரத்தில் சிமெண்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் உண்டு. அங்கே போகிறவர்கள் சேப்டி ஷூ இல்லாமல் கேட்டைத் தாண்ட முடியாது. கல் விழுந்தால் காலைக் காப்பாற்றும் ஷூ அது. ஆனால் ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் அதற்குள் தண்ணீர் போகும், காலும் நாள் முழுக்க அதிலேயே ஊறும். மறுநாள் காலையில் காயாத ஷூவையே மறுபடி மாட்ட வேண்டும். விரலிடுக்கில் தோல் வெளுத்து ஊறி, உரிந்து, கத்தியால் கீறியதுபோல வெடிக்கும். வயலில் நிற்கிற பெண்கள் சேத்துப்புண் என்று சொல்வதும் இதைத்தான்.

கடைக்கு வருகிறவர்கள் யாரும் காலைக் காட்டுவதில்லை. அரிக்குது, ஒரு ட்யூப் குடும்மா என்பார்கள். கிறிஸ்டியின் கை இரண்டாவது தட்டுக்குத் தானாகப் போகும். மூன்று மருந்துகளைக் கலந்து அடைத்த ட்யூப் அது. அதில் ஒன்று ஸ்டீராய்டு. தடவிய இரண்டாம் நாள் அரிப்பு நின்றுவிடும், சிவப்பு மறைந்துவிடும். ஆள் திரும்பி வந்து, உன் மருந்து நல்லா கேக்குது என்று சொல்லிவிட்டுப் போவான். பதினைந்து நாளில் அதே ஆள் மறுபடி வருவான். ஸ்டீராய்டு அரிப்பை அடக்குமே தவிரப் பூஞ்சையை ஒன்றும் செய்யாது. வெளியே தெரியாமல் உள்ளே அது படரும், தோலும் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வரும்.

இது கிறிஸ்டிக்குத் தெரியும். பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். வேலைக்கு வந்த புதிதில் நாலைந்து பேரிடம் சொல்லியும் பார்த்தாள். பூஞ்சைக்கு மட்டுமான மருந்து இருக்கிறது, அதை ஒரு மாதம் விடாமல் போட வேண்டும் என்றாள். ஒரு மாதமா என்று கேட்டுவிட்டு அவர்கள் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். வேணுகோபால் அவளைத் திட்டவில்லை. கேட்கிறதைக் கொடுப்பதுதான் கடை, வைத்தியம் பார்க்க ஆஸ்பத்திரி இருக்கிறது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அதற்குப் பிறகு அவளும் கேட்டதைக் கொடுத்தாள்.

கருப்பண்ணன் அப்படி வாங்கியவர்களில் ஒருவர். நாற்பத்தெட்டு வயது இருக்கும். சுரங்கத்துக் கல்லை உடைக்கும் கிரஷர் பக்கத்தில், ஒரு காண்ட்ராக்டரிடம் கூலி வேலை. போன மழைக்காலத்தில் முதல் ட்யூப் வாங்கியவர், இந்த மழைக்காலம் வரை வாங்கிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டே வருவார். அவர் காலை ஒரு தடவைகூட கிறிஸ்டி பார்த்ததில்லை.

கார்த்திகை மாதத்தில் ஒரு புதன்கிழமை. மூன்று நாளாக மழை விடவில்லை. பதினோரு மணி வாக்கில் அவர் மனைவி கொளஞ்சியம்மாள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தாள். காலி ட்யூப் ஒன்றைக் கண்ணாடி மேல் வைத்து, இதே மாதிரி ரெண்டும், காய்ச்சலுக்கு நாலு மாத்திரையும் வேண்டும் என்றாள்.

காய்ச்சல் யாருக்கு என்று கிறிஸ்டி சும்மாதான் கேட்டாள்.

“அவருக்குத்தான் பாப்பா. நேத்து சாயங்காலத்துலேர்ந்து குளிரு. போர்வைய விட்டு எந்திரிக்கல. காலு வேற வீங்கிக் கெடக்கு.”

மாத்திரையை எண்ணிக்கொண்டிருந்த கை நின்றது. எந்தக் கால், எதுவரை வீக்கம் என்று கிறிஸ்டி கேட்டாள். புண் இருந்த கால்தான் என்றாள் கொளஞ்சியம்மாள். காலையில் கணுக்காலோடு இருந்த சிவப்பு இப்போது மேலே ஏறியிருக்கிறது, தொட்டால் சுடுகிறது. தொடையிடுக்கில் நெறி கட்டி, நடக்க முடியவில்லை. சர்க்கரை பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டதற்கு, அதெல்லாம் அவருக்குக் கிடையாது என்றாள். ராத்திரியில் ஒன்றுக்குப் போக எத்தனை தடவை எழுந்திருக்கிறார் என்று கேட்டபோது, அது ஒரு வருடமாகவே நாலைந்து தடவை என்று சாதாரணமாகச் சொன்னாள்.

கிறிஸ்டி சர்க்கரை பார்க்கும் சின்ன மிஷினையும் ஊசிகளையும் பையில் போட்டுக்கொண்டாள். வேணுகோபாலுக்குப் போன் செய்து ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னாள். கடையை விட்டுப் போகக் கூடாது என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, வந்துடறேன் சார் என்று போனை வைத்தாள். ஷட்டரை இறக்கிவிட்டு, நிறுத்தத்தில் நின்ற பஞ்சநாதனின் ஆட்டோவில் இருவரும் ஏறினார்கள்.

வீடு ஊருக்கு மேற்கே, இரண்டு கிலோமீட்டர். பாதை முழுக்கச் சேறு. கருப்பண்ணன் கயிற்றுக் கட்டிலில் போர்த்திக்கொண்டு கிடந்தார். பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன. கிறிஸ்டி போர்வையின் கால்பக்கத்தை விலக்கியதும் முதலில் நாற்றம்தான் வந்தது. வலது காலின் கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவே தோல் சாம்பல் நிறத்தில் செத்துப்போயிருந்தது. சுண்டுவிரல் கறுத்திருந்தது. மேல்பாதம் பளபளவென்று இழுத்துக்கொண்டு நின்றது. சிவப்பு கணுக்காலைத் தாண்டி, ஆடுசதையின் பாதி வரை ஏறியிருந்தது.

விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள். மிஷின் 468 என்று காட்டியது. வேறு விரலில் மறுபடி குத்தினாள். 471.

பையிலிருந்த பேனாவை எடுத்து, சிவப்பு முடிகிற இடத்தில் காலைச் சுற்றி ஒரு கோடு போட்டாள். நேரத்தையும் பக்கத்தில் எழுதினாள், 11.50.

கருப்பண்ணன் கண்ணைத் திறந்து ட்யூப் கொண்டுவந்தாயா என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றதும் தலையை ஆட்டி மறுத்தார். நாளைக்குக் காலையில் ஷிப்ட் இருக்கிறது, ஏற்கெனவே ரெண்டு நாள் போகவில்லை, மூன்றாவது நாளும் போகாவிட்டால் காண்ட்ராக்டரின் ஆள் கேட் பாஸைத் திருப்பிக் கேட்பான். ட்யூபைத் தடவிக்கொண்டு படுத்தால் சாயங்காலம் சரியாகிவிடும், எப்போதும் அப்படித்தானே ஆகிறது என்றார்.

கிறிஸ்டி கட்டிலுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

“அண்ணே, இது இனிமே அரிப்பு இல்ல. விரலிடுக்கு வெடிச்ச வழியா கிருமி உள்ள போயி ரத்தத்துல ஏறுது. சர்க்கரை வேற நானூத்தி எழுவது இருக்கு. இன்னிக்குப் போகலைன்னா காலு போயிடும்ண்ணே. ஆளே போயிடலாம்.”

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொளஞ்சியம்மாள் போய் ஒரு பையில் வேட்டியும் ஆதார் அட்டையும் எடுத்து வைத்தாள். பிறகு கணவனின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள். 108-க்குக் கூப்பிட்டபோது வண்டி திருமானூர்ப் பக்கம் போயிருப்பதாகவும் வர நாற்பது நிமிடம் ஆகும் என்றும் சொன்னார்கள். காத்திருக்க வேண்டாம், நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றார் பஞ்சநாதன்.

அரியலூர் சாலையில் பாதி தூரம் வந்ததும் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. முன்னால் ஒரு டேங்கர் லாரி சாலையை விட்டு இறங்கிச் சாய்ந்திருந்தது. எந்தப் பக்கமும் ஒதுங்க இடமில்லை. மழை ஆட்டோவின் தார்ப்பாயை அடித்தது. கருப்பண்ணன் தலையை மனைவியின் தோளில் சாய்த்து, காலைக் கிறிஸ்டியின் மடியில் நீட்டிக் கிடந்தார். அவருடைய சூடு புடவையைத் தாண்டி அவள் தொடையில் தெரிந்தது. எந்திரிச்சு ஷூ போடணும் என்று ஒரு தடவை முனகினார். பிறகு பேச்சில்லை.

அப்போதுதான் வேணுகோபால் போன் செய்தார். பஸ் நிறுத்தத்தில் யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

“அந்த ஆளுக்கு எப்பவாச்சும் பில்லு போட்டுக் குடுத்திருக்கியா?”

“இல்ல சார்.”

“அப்பச் சரி. ஆஸ்பத்திரியில எந்தக் கடைன்னு கேட்டா வாயத் தெறக்காத. உன் சர்டிபிகேட்டும் அதுல இருக்கு, ஞாபகம் வச்சுக்க.”

சரி சார் என்றாள் கிறிஸ்டி. மழைச் சத்தத்தில் கொளஞ்சியம்மாளுக்குக் கேட்டிருக்காது. ஆனாலும் கிறிஸ்டியால் அவளைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை. குனிந்து காலைப் பார்த்தாள். சிவப்பு கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு பக்கத்தில் தாண்டியும் இருந்தது.

கொளஞ்சியம்மாளும் அதைப் பார்த்தாள். அந்தக் கோடு எதற்கு என்று கேட்டாள். அதைத் தாண்டி எவ்வளவு ஏறுகிறது என்று தெரிவதற்காக என்றாள் கிறிஸ்டி. கொளஞ்சியம்மாள் அதற்குப் பிறகு கோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இருபத்தைந்து நிமிடம் கழித்து வழி கிடைத்தது. பெரியாஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது மணி ஒன்றேகால். சிவப்பு கோட்டுக்கு மேலே இரண்டு விரல்கடை ஏறியிருந்தது.

உள்ளே வேலை மளமளவென்று நடந்தது. ரத்தம் எடுத்தார்கள், டிரிப்ஸ் ஏற்றினார்கள், ஊசி போட்டார்கள். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனதும் கொளஞ்சியம்மாள் கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். கிறிஸ்டி சுவரோரம் நின்றாள். அந்த நேரத்தில் அவளுக்குத் தன் அம்மாவின் கால்தான் நினைவுக்கு வந்தது.

அம்மா மரிய புஷ்பம் கொள்ளிடக்கரை வயல்களில் நடவுக்குப் போகிறவள். இரண்டு வருடத்துக்கு முன்னால் சம்பா நடவில் அவளுக்கும் விரலிடுக்கு வெடித்தது. கிறிஸ்டி அன்றைக்கு இரண்டாவது தட்டில் கை வைக்கவில்லை. பூஞ்சைக்கு மட்டுமான களிம்பைக் கொண்டுபோனாள். தினமும் சாயங்காலம் அம்மாவை உட்காரவைத்து, சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, பழைய பருத்தித் துணியால் ஒவ்வொரு விரலிடுக்காக ஈரம் ஒற்றி எடுத்து, அதற்குப் பிறகுதான் மருந்து போடுவாள். பத்து நாளில் அரிப்பு நின்றுபோய் அம்மா போதும் என்றபோதும் விடவில்லை. பார்க்கச் சரியாகிவிட்டது, உள்ளே இன்னும் இருக்கும் என்று அதட்டி, இன்னும் இரண்டு வாரம் போட வைத்தாள். அந்தத் துணியைத் தம்பி ஜூட் தொடக் கூடாது என்று தனிக் கொடியில் போட்டாள். அந்தப் புண் அதற்குப் பிறகு திரும்பி வரவே இல்லை.

ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து நின்றபோது அவளால் இந்த நினைவை ஒதுக்க முடியவில்லை. தெரியாமல் கொடுத்தேன் என்று அவள் யாரிடமும் சொல்ல முடியாது.

அறுவைச் சிகிச்சை டாக்டர் ஜோதி வெளியே வந்தார். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும், கண்ணில் தூக்கமின்மை தெரிந்தது. பழைய புண்ணா, என்ன மருந்து போட்டீர்கள் என்று கொளஞ்சியம்மாளைக் கேட்டார். அவள் மடியிலிருந்து காலி ட்யூபை எடுத்து நீட்டினாள். ஒரு வருடமாக இதைத்தான், நடுவில் மருதாணியும் அரைத்துக் கட்டினேன் என்றாள். டாக்டர் ட்யூபைத் திருப்பிப் படித்தார்.

“யாரு எழுதிக் குடுத்தது இத?”

“கடையில குடுத்தாங்க மேடம்.”

“எந்தக் கடை?”

கொளஞ்சியம்மாள் திரும்பிக் கிறிஸ்டியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. படித்த பெண் பக்கத்தில் இருக்கிறாள், அவளே சொல்லட்டும் என்று நினைத்தாள், அவ்வளவுதான். கிறிஸ்டி டாக்டருக்கு முன்னால் வந்து நின்றாள்.

“நான்தான் மேடம் குடுத்தேன். டி.பார்ம் படிச்சிருக்கேன். இதுல ஸ்டீராய்டு இருக்குன்னு தெரியும். சீட்டு இல்லாமக் குடுக்கக் கூடாதுன்னும் தெரியும்.”

டாக்டர் கத்தவில்லை. அவள் பெயரைக் கேட்டு, கேஸ் ஷீட்டில் ஏதோ எழுதினார். எழுதி முடித்து நிமிர்ந்தவர் ஒரு கேள்விதான் கேட்டார்.

“இவரு ஒருத்தரு. இன்னும் எத்தனை பேருக்குக் குடுத்திருப்ப?”

டாக்டர் பதிலுக்காக நிற்கவில்லை. சுண்டுவிரல் செத்துவிட்டது, அதை எடுக்க வேண்டும், சுற்றி அழுகியிருக்கும் தோலையும் வெட்ட வேண்டும், மற்றது மருந்து கேட்பதைப் பொறுத்தது என்று இருவருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கொளஞ்சியம்மாள் கேட்டதை ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள் போலிருந்தது. அந்த மருந்தாலயா இப்படி ஆச்சு என்று கேட்டாள். சர்க்கரையும் காரணம், மழையும் ஷூவும் காரணம், ஆனால் அந்த மருந்து புண்ணை மறைத்துவைத்து ஒரு வருடத்தை வீணாக்கிவிட்டது என்றாள் கிறிஸ்டி. கொளஞ்சியம்மாள் எழுந்து நாலடி தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மூன்று மணிக்கு விரலை எடுத்தார்கள். மறுநாளும் கிறிஸ்டி கடைக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தாள். காய்ச்சல் இறங்கவில்லை. டாக்டர் புதிதாகப் போட்டிருந்த கோட்டையும் சிவப்பு தாண்டி, முழங்காலுக்கு நாலு விரல்கடை கீழே வந்து நின்றிருந்தது. கருப்பண்ணன் ஆளை அடையாளம் தெரியாமல் பேசினார். மதியத்துக்கு மேல் நர்ஸ் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து கொளஞ்சியம்மாளிடம் கையெழுத்துக் கேட்டாள்.

கொளஞ்சியம்மாளுக்குப் பெயர் எழுதத் தெரியும். படிக்க வராது. காகிதத்தைப் பிடித்துக்கொண்டு வராண்டாவில் அங்குமிங்கும் பார்த்தாள். அந்த வார்டில் அவளுக்குத் தெரிந்த முகம் ஒன்றுதான். வந்து கிறிஸ்டியின் முன்னால் காகிதத்தை நீட்டினாள்.

கிறிஸ்டி வாய்விட்டுப் படித்தாள். நாளைக் காலைக்குள் கிருமி அடங்காவிட்டால், உயிரைக் காப்பாற்ற, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க நேரிடலாம், அதற்குச் சம்மதம் என்று இருந்தது. மறுபடி முதலிலிருந்து, ஒரு சொல்லையும் விடாமல் படித்தாள்.

“போடட்டுமா?” என்றாள் கொளஞ்சியம்மாள்.

“போடுங்கக்கா. ஆளு முக்கியம்.”

“நீ சொல்றதத்தான் நான் கேட்டாகணும். எனக்கு இங்க வேற யாரு இருக்கா. ஆனா எம்மூஞ்சியப் பாக்காத.”

சுவரில் காகிதத்தை வைத்து, எழுத்தெழுத்தாகப் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். கிறிஸ்டி அன்று ஏலாக்குறிச்சிக்குக் கடைசி பஸ்ஸில்தான் போனாள். வீட்டில் சாப்பிடவில்லை. அம்மா கேட்டதற்கு வேலை அதிகம் என்று சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலையில் வார்டுக்குள் நுழையும்போதே அவள் கட்டிலின் கால்பக்கத்தைத்தான் தேடினாள். போர்வை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மேடாக இருந்தது. டாக்டர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டின் மேல் விளிம்பில் தோல் சுருங்கி, சிவப்பு ஒரு நூல் கீழே இறங்கியிருந்தது. இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்றார். சாயங்காலம் காய்ச்சல் நூறுக்கு வந்தது. சனிக்கிழமை கருப்பண்ணன் காபி கேட்டார். அன்றைக்குத்தான் டாக்டர் அந்தச் சம்மதக் காகிதத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு கிழித்தார். கொளஞ்சியம்மாள் அதைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வராண்டாவுக்குப் போனாள். கிறிஸ்டி பின்னால் போகவில்லை.

பதினேழு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். போகும் முன் டாக்டர் ஜோதி இடது காலையும் பிரித்துப் பார்த்தார். அதிலும் விரலிடுக்கு வெளுத்திருந்தது. இடுப்பில் வட்டவட்டமாகப் படர்தாமரை. ஒரே துண்டால் காலையும் இடுப்பையும் துடைத்தால் அப்படித்தான் என்றார். கொளஞ்சியம்மாளின் காலைக் காட்டச் சொன்னபோது அவள் இழுத்துக்கொண்டாள். டாக்டர் அதட்டியதும் காட்டினாள். அவளுக்கும் தொற்றியிருந்தது. எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு, இதை இவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டியது உன் வேலை என்று கிறிஸ்டியிடம் சீட்டை நீட்டினார்.

கட்டிலின் பக்கத்தில் நின்று அவள் சொன்னாள். குளித்ததும் துடைக்கிற கடைசி இடம் கால்விரலிடுக்கு, அதற்கென்று தனித் துண்டு. ஈரம் முழுக்கப் போன பிறகுதான் களிம்பு, புண்ணுக்கு மட்டும் போடாமல் சுற்றியுள்ள தோலுக்கும் சேர்த்து, காலையும் சாயங்காலமும். அரிப்பு நின்ற நாளில் நிறுத்தக் கூடாது. ஆறிய பிறகும் இரண்டு வாரம். சாக்ஸைத் தினமும் வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவைக்க வேண்டும். நனைந்த ஷூவைச் செய்தித்தாள் திணித்துக் காயவைத்து, மாற்று ஜோடி ஒன்றை மாட்ட வேண்டும். மாற்று ஜோடி இல்லை என்றார் கருப்பண்ணன். இனி ஷூ போடுகிற வேலையே சில மாதத்துக்கு வேண்டாம் என்று டாக்டர் எழுதியிருப்பதைக் காட்டினாள். சர்க்கரை மாத்திரையை ஒரு வேளையும் விடக் கூடாது. தினமும் இரண்டு பாதத்தையும் யாராவது ஒருவர் வெளிச்சத்தில் பிரித்துப் பார்க்க வேண்டும், சர்க்கரையால் இவருக்கு அங்கே வலி தெரியாது என்றாள். அந்த வேலையை நான் பார்க்கிறேன் என்று கொளஞ்சியம்மாள் சீட்டைப் பார்த்துச் சொன்னாள்.

கருப்பண்ணனுக்கு அவள்மேல் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. நானாகக் கேட்டு வாங்கினேன், நீ என்ன பண்ணுவ என்றார். கிறிஸ்டிக்கு அதைக் கேட்கத்தான் அதிகக் கஷ்டமாக இருந்தது.

கடைக்குத் திரும்பிய அன்று வேணுகோபால் காத்துக்கொண்டிருந்தார். மருந்து ஆய்வாளர் ஒருவர் வந்து விசாரித்துவிட்டுப் போயிருந்தார், எழுத்துப்பூர்வமாக எச்சரிக்கை வந்திருந்தது. போ என்று அவர் சொல்லவில்லை. சான்றிதழ் அவளுடையது, அவள் போனால் கடையை மூட வேண்டும். சீட்டு இல்லாமல் அந்த ட்யூபைத் தரமாட்டேன் என்று அவள் சொன்னதும் சரி என்று தலையாட்டினார். இரண்டாவது தட்டைக் காலி செய்து, ட்யூப்களைத் தன் மேசை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு தினமும் கடைக்கு வந்தவர், அவள் சாப்பிடப் போகும் நேரத்தில் அவரே எடுத்துக் கொடுத்தார்.

டாக்டர் கேட்ட கேள்வி அவளை விடவில்லை. ட்யூப் வாங்கிப்போன முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவர்கள் கடைக்கு வரும்போதெல்லாம் வெளியே வந்து, காலைக் காட்டச் சொன்னாள். சிலர் காட்டினார்கள். சிலர் எரிச்சலோடு போனார்கள். கிருஷ்ணம்மாள் என்று ஒரு நடவுக்காரிக்குப் புறங்கால் தோல் காகிதம்போல மெலிந்து, நரம்பு தெரிந்தது. அவளைத் தானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வேணுகோபால் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். பங்குனியில் டி.பார்ம் படித்த வேறு ஒருவரின் சான்றிதழ் அவருக்குக் கிடைத்தது. கிறிஸ்டியை வேண்டாம் என்று சொன்னார்.

இப்போது அவள் பெரம்பலூரில், பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மெடிக்கலில் இருக்கிறாள். வாரம் முழுக்க லேடீஸ் ஹாஸ்டல், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஏலாக்குறிச்சி. மாதம் ஒருமுறை கொளஞ்சியம்மாளிடமிருந்து போன் வரும். சர்க்கரைப் பரிசோதனைத் தாளை யாரையாவது விட்டு எண்களைப் படிக்கச் சொல்லி, கூடியிருக்கா குறைஞ்சிருக்கா என்று கேட்பாள். கிறிஸ்டி சொல்வாள். கருப்பண்ணன் லாரி எடைமேடையில் சீட்டு வாங்கிக் கொடுக்கும் வேலைக்கு மாறிவிட்டார், தோல் செருப்புப் போட்டுக்கொண்டு போகிறார், இந்த மழைக்கு விரலிடுக்கு வெடிக்கவில்லை. இவ்வளவையும் கிறிஸ்டியே கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். கொளஞ்சியம்மாள் வேறு எதுவும் பேசுவதில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று இதுவரை ஒரு தடவையும் கேட்டதில்லை. போன் செய்வதை மட்டும் ஒரு மாதமும் தவறவிடுவதில்லை.

போன வாரம் கல்குவாரி லாரி ஓட்டுகிறவர் ஒருவர் கடைக்கு வந்து அந்த ட்யூபின் பெயரைச் சொல்லிக் கேட்டார். கிறிஸ்டி காலைக் காட்டச் சொன்னாள். அவர் தயங்கி, செருப்பிலிருந்து காலை எடுத்துக் காட்டினார். ஆரம்பம்தான். வேறு களிம்பை எடுத்து வைத்து, எப்படிப் போட வேண்டும், எத்தனை நாள், துண்டு, சர்க்கரைப் பரிசோதனை என்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“ஒரு மாசமெல்லாம் ஆவாதும்மா. நாளைக்கே லோடு இருக்கு. கேட்டதக் குடு.”

தர முடியாது என்றாள் கிறிஸ்டி. அவர் படி இறங்கி, பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்று, சாலையைக் கடந்து எதிர்க் கடைக்குப் போனார். இரண்டு நிமிடத்தில் சின்னக் காகிதப் பையோடு வெளியே வந்தார்.

கிறிஸ்டி சர்க்கரை மிஷினை எடுத்துக்கொண்டு கடையை விட்டு இறங்கி ஓடினாள். லாரிக் கதவைத் திறந்துகொண்டிருந்தவரிடம், அந்த ட்யூபை உங்களிடமிருந்து பிடுங்க மாட்டேன், சர்க்கரை மட்டும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள், ஒரு நிமிடம்தான் என்றாள். மூச்சு வாங்கியது. அவர் அவளையும் கையிலிருந்த மிஷினையும் மாறிமாறிப் பார்த்தார். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் இடது கையின் மோதிர விரலை நீட்டினார்.